கடற்பசு சாணி போடுமா?

மதுரையில் கடல் கிடையாது. அதற்காக எங்கள் ஊர்க்காரர்கள் யாருக்கும் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை. மீனாட்சி இருக்கிறாள், வைகை பெயரளவுக்கு இருக்கிறது, ராத்திரி ஒரு மணிக்கும் கொத்துப் பரோட்டா கிடைக்கிறது. கடல் வேறு வேண்டுமா என்ன? எங்களுக்கும் கடலுக்கும் இருந்த உறவெல்லாம் ஜிகர்தண்டாவின் அடியில் வழுக்கும் கடல்பாசியோடு சரி.

இந்த நிம்மதியை ஓர் ஆமை வந்து கெடுத்தது. 2015-இல் கோஸ்டாரிகா பக்கம் எடுத்த வீடியோ. ஆமையின் மூக்குக்குள் மாட்டிக்கொண்ட பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலை ஆராய்ச்சியாளர்கள் இடுக்கி போட்டு இழுப்பார்கள். ஆமைக்கு ரத்தம் வரும். உலகத்தைப் பல முறை சுற்றி முடித்த பிறகு அந்த வீடியோ என் வீட்டுக்காரரின் அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் அதையும் சேர்த்துச் சாப்பிட்டார் என்பது வேறு விஷயம். ஆனால் ஆள் மாறிவிட்டார்.

"கடலைக் காப்பாத்துறது இனிமே குழந்தைங்க கையிலதான் இருக்கு" என்று அறிவித்தார். அந்த நேரத்தில் குழந்தைகள் கையில் முறுக்கு இருந்தது.

பெரியவள் எட்டாம் வகுப்பு, சின்னவன் மூன்றாம் வகுப்பு. இருவரையும் உட்கார வைத்து இவர் ஆரம்பித்தார். "நம்ம வீட்டு கவர் ஒண்ணு காத்துல பறந்து வைகையில விழுந்தா என்ன ஆகும் தெரியுமா? நேரா கடலுக்குப் போகும்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் நிமிர்ந்தார். "ஏண்டா, வைகையே கடலுக்குப் போறதில்ல. கவர் மட்டும் எப்படிடா போகும்?"

அத்தை பள்ளிக்கூடம் அதிகம் பார்த்தவர் இல்லை. ஆனால் புவியியலில் பிழை சொல்ல முடியாது. வைகைத் தண்ணீர் வழி நெடுகக் கண்மாய் கண்மாயாகப் பிரிந்து, மிச்சம் மீதி ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் உட்கார்ந்துவிடும். நல்ல வெள்ளம் வந்த ஆண்டில்தான் ஆற்றங்கரை என்னும் ஊர்ப் பக்கம் பாக் விரிகுடாவைத் தொடும். "வெள்ளம் வந்தா போகும்மா" என்று இவர் சமாளித்தார். "வரட்டும், பாப்போம்" என்று அத்தை கீரைக்குத் திரும்பினார்.

வீட்டில் பாடம் எடுபடவில்லை என்பதால் படகுக்கு மாற்றினார். லீவு விட்டால் படகு என்றாகிவிட்டது. முட்டுக்காடு, பிச்சாவரம் எல்லாம் போனோம். தேக்கடிக்குக்கூடப் போனோம். "அது ஏரிதானே" என்று கேட்டதற்கு, "தண்ணி எல்லாம் ஒண்ணுதான்" என்றார். அங்கே குழந்தைகள் யானையைப் பார்த்தார்கள். இவர் சொன்ன பவளப்பாறையைப் பார்க்கவில்லை. படகில் பாடம் நடத்துவதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது சொல்வது காதில் விழாது. இன்ஜினை நிறுத்தினால் படகு ஆடும். ஆடினால் வாந்தி வரும். வாந்தி வரும் நேரத்தில் எந்தக் குழந்தைக்கும் பல்லுயிர்ச்சூழல் மீது அக்கறை பிறப்பதில்லை.

இந்த மே மாதம் காரங்காடு. ராமநாதபுரத்திலிருந்து தொண்டி போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள மீனவர் ஊர். அலையாத்திக் காட்டுக்குள் புகுந்து கடலுக்குள் போய் வரும் படகுச் சவாரியை ஊர்க்காரர்களை வைத்து வனத்துறை நடத்துகிறது. கிளம்பும் முன் தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் இவர் விதிகள் எழுதிவிட்டார். கடலில் எதையும் போடக் கூடாது. கடலிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. எந்த உயிரையும் தொடக் கூடாது. சத்தம் போடக் கூடாது.

சின்னவன் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தான். "அப்ப எதுக்குப்பா போறோம்?"

விடிவதற்கு முன் கிளம்பினோம். மானாமதுரை தாண்டும்போது இவர் முதல் பாடத்தைத் தொடங்கினார். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறையப் பாதி கடலில் உருவாகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் அதைச் செய்கின்றன. கடல் செத்தால் நம் மூச்சில் பாதி போச்சு. குரலை ஏற்றி இறக்கி நன்றாகவே சொன்னார். எனக்கே ஒரு நிமிஷம் நெஞ்சு அடைத்தது.

"நான் மத்தப் பாதியை வச்சுக்கிறேன்பா" என்றான் சின்னவன்.

அதன் பிறகு பரமக்குடி வரை காரில் யாரும் பேசவில்லை.

அத்தை இந்தப் பயணத்துக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார்: வழியில் தேவிபட்டினம். அங்கே கடலுக்குள் ஒன்பது கற்கள் நிற்கின்றன. ராமர் நவக்கிரகங்களை நிறுவிய இடம் என்று நம்பிக்கை. அந்த நவபாஷாணத்தைச் சுற்றி வந்து நவதானியம் போடுவது வழக்கம். அத்தை மடியிலிருந்து முடிச்சை அவிழ்த்ததும் பெரியவளுக்கு விதி ஞாபகம் வந்துவிட்டது. "அப்பத்தா! கடல்ல எதையும் போடக் கூடாது."

அத்தை மகனைப் பார்த்தார். பேத்தியைப் பார்த்தார். "நான் போடுற உளுந்தை மீனு திங்கும். உங்கப்பன் நேத்து வாங்கிட்டு வந்த சிப்ஸ் பாக்கெட்டை எது திங்கும், சொல்லு?" சொல்லிவிட்டு, ஒன்பது தானியத்தையும் ஒன்பது கோளுக்கும் பாரபட்சமில்லாமல் தூவிவிட்டு வந்தார். துணியில் கட்டி எடுத்து வந்திருந்தார். முடிச்சுத் துணி மறுபடி மடிக்குப் போனது. ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்து, பழைய துணியைக் கடலிலேயே விட்டுவிட்டு வருகிறவர்களை அத்தைக்கு ஆகாது. "பாவத்தைக் கழிக்கப் போன இடத்துல துணியையும் கழிச்சுட்டு வர்றாளுக" என்பார். மாநிலத்தில் ஒரு தடவை மட்டும் உபயோகிக்கும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது 2019 ஜனவரியில். மஞ்சப்பையை மீண்டும் கொண்டுவர அரசு இயக்கம் தொடங்கியது 2021-இல். அத்தையின் மஞ்சப்பைக்கு என் கல்யாணத்தின் வயசு. பையில் அச்சடித்திருப்பதே மணமக்களாக எங்கள் பெயர்கள்தான்.

காரங்காட்டில் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். கண்டாங்கிச் சேலைக்கு மேல் ஆரஞ்சு ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டி அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தபோது, ஊர் எல்லையில் குதிரை மேல் இருக்கும் காவல் தெய்வத்துக்குப் புதுசாக வர்ணம் அடித்தது போல் இருந்தது. படகோட்டி ஐம்பது வயது மனிதர். அத்தையை "ஆத்தா" என்றார். அத்தை உடனே விசாரணையைத் தொடங்கினார். "இது எந்தக் கடல்யா?"

"பெண் கடல் ஆத்தா. ராமேஸ்வரத்துக்குத் தெக்க இருக்கிறது ஆண் கடல்; அலை அடிக்கும். இது அமைதி. பத்துப் பன்னெண்டு மீட்டருக்கு மேல ஆழமே கெடையாது."

"அப்ப பயமில்ல."

"வாடைக் காத்து எறங்குனா அப்புறம் பேசவே முடியாது ஆத்தா."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏன் என்னைப் பார்த்தார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அலையாத்திக் காட்டுக்குள் படகு நுழைந்ததும் வெயில் தணிந்தது. இரு பக்கமும் சேற்றிலிருந்து விரல் நீளத்துக்கு வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. சேற்றுக்குள் காற்று இல்லாததால் அந்த வேர்கள் மூச்சு விட வெளியே வருகின்றன. 2004 சுனாமியில் பிச்சாவரம் பக்கத்து ஊர்கள் சிலவற்றுக்கு இந்த மரங்கள் தடுப்பாக நின்றதை இவர் விளக்கத் தொடங்கினார். சின்னவன் கொட்டாவி விட்டான். 2004 என்பது அவனுக்குப் பாண்டியர் காலம். அவன் கொட்டாவியைப் படகோட்டி கவனித்திருக்க வேண்டும். ஒரு கிளையை ஒடிக்காமல் வளைத்து அவன் முகத்துக்கு நேராகக் கொண்டு வந்தார். "தம்பி, இந்த இலையை நக்கிப் பாரு."

சின்னவன் விதித்தாளைப் பார்த்தான். "தொடக் கூடாதுன்னுதான் இருக்கு. நக்கக் கூடாதுன்னு இல்ல" என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு நக்கினான். முகம் மாறியது. "உப்பு!"

"மரம் உப்புத் தண்ணியத்தான குடிக்குது. வேணாங்கிற உப்பை இலை வழியா வெளிய தள்ளிரும்."

"அப்ப இது மரத்தோட ஒண்ணுக்கா?"

இவர் கண்ணை மூடிக்கொண்டார். படகோட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேர்வைன்னு வச்சுக்கயேன்" என்றார். அதற்குள் பெரியவளும் இரண்டு இலை நக்கியிருந்தாள். முட்டுக்காடு முதல் மானாமதுரை வரை இவர் நடத்திய வகுப்புகளில் குழந்தைகள் தானாக முன்வந்து செய்த முதல் செய்முறைப் பயிற்சி இது.

காட்டைத் தாண்டிக் கடலுக்குள் வந்து இன்ஜினை நிறுத்தினார். தண்ணீர் தெளிவாக இருந்தது. இடுப்பளவு ஆழத்தில் கடற்புல் வளைந்து வளைந்து ஆடியது. இவர் எழுந்து நின்றார். படகு ஆடியதும் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே தன் வாழ்நாள் உரையை ஆற்றினார். இந்தப் புல்லை நம்பி வாழ்வது கடற்பசு. மூன்று மீட்டர் நீளம், நானூறு கிலோ எடை வரை வரும். மீன் அல்ல, பாலூட்டி. மூச்சு விட மேலே வர வேண்டும். சொந்தக்காரர் யானை. இந்தியாவில் மொத்தமே 240 போல்தான் மிஞ்சியிருக்கின்றன, பெரும்பகுதி இந்தப் பாக் விரிகுடாவில். தொண்டிக்கு வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது; இந்தியாவிலேயே அதுதான் முதல்.

அத்தனையும் சரியான தகவல். ஒன்றுகூட இறங்கவில்லை. பெரியவள் படகு விளிம்பில் விரலால் தாளம் போட்டாள். சின்னவன் மட்டும் கையைத் தூக்கினான். இவர் முகத்தில் ஒளி வந்தது.

"அப்பா, கடற்பசு சாணி போடுமா?"

"அதெல்லாம் இப்ப முக்கியமில்லடா."

"போடாம?" என்றார் படகோட்டி. "நாளைக்கு முப்பது நாப்பது கிலோ புல்லுத் திங்குது. எங்க வச்சுக்கும்? நாங்க ஆவுளியான்னுதான் சொல்லுவோம். அது மேஞ்ச எடத்துல தரையில கோடு கோடா விழுந்திருக்கும். அறுத்த புல்லு மெதக்கும், சாணியும் மெதக்கும். அதை வச்சே பெரியாளுக கண்டுபிடிச்சிருவாக."

குழந்தைகள் இருவரும் படகின் ஒரே பக்கத்துக்கு வந்துவிட்டார்கள். சாணியைத் தேடித் தண்ணீரை உற்றுப் பார்த்தார்கள். 240 என்ற எண்ணுக்கு அசையாதவர்கள் இதற்கு அசைந்தார்கள். இவருக்கு வருத்தம்தான். ஆனால் எனக்கு அந்த இடத்தில் ஒரு ஞானம் பிறந்தது. கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு, இருபது வருஷமாக அதைத் தக்காளியில் புழு பார்ப்பதற்கு மட்டும் உபயோகித்து வந்தவள் நான். வாயைத் திறந்தேன்.

கடற்பசு புல்லோடு புல்லின் விதையையும் விழுங்குகிறது. அது போகிற இடத்தில் சாணி போடும்போது விதையும் அங்கே விழுகிறது. வயிற்றுக்குள் போய் வந்த விதை இன்னும் சீக்கிரம் முளைக்கிறது என்று ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். மேய்கிறதே விவசாயமும் பார்க்கிறது. "நம்ம ஊர்ல கிடை போடுற மாதிரியா?" என்றார் அத்தை. அதேதான். வயலில் ஆட்டுக்கிடை அமர்த்துவதற்குக் காசு கொடுத்த குடும்பம் அவருடையது. கடற்புல் விஷயம் அந்த ஒரு நொடியில் அவருக்கு விளங்கிவிட்டது.

நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கடல் அட்டையைச் சொன்னேன். மண்ணைத் தின்று, அதில் இருக்கும் சத்தை எடுத்துக்கொண்டு, சுத்தமான மணலைப் பின்பக்கமாக வெளியே தள்ளும் பிராணி. கடல் தரைக்குத் துப்புரவுப் பணியாளர். சம்பளம் இல்லை, பிடிப்பதற்கு மட்டும் ஆள் வரிசையில் நிற்கிறது. 2001-லிருந்து தடை இருக்கிறது. உலர்த்தி, மூட்டை கட்டி, ராத்திரியோடு ராத்திரியாக இலங்கைப் பக்கம் கடத்துவதும், பிடிபடுவதும் ராமநாதபுரம் பதிப்பில் வாராவாரம் வரும் செய்தி. அது மூச்சு விடுவதும் பின்பக்கம் வழியாகத்தான். சில வகைகளில் அந்த வாசலுக்குள் ஒரு சின்ன மீன் குடியே இருக்கும். பகலில் உள்ளே, ராத்திரியில் வெளியே.

சின்னவன் சிரித்துச் சிரித்துக் கீழே சரிந்தான். "வாடகை எவ்வளவும்மா?"

"இருக்கிறதுக்கு வேற எடமா இல்ல?" என்றார் அத்தை, அந்த மீனின் மீது உண்மையான கவலையோடு.

அடுத்து கிளிமீன். பவளப்பாறையைச் சுரண்டித் தின்று, அரைத்து, வெண்மணலாகக் கழிக்கும். பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் போடும். மாலத்தீவுகளின் வெண்மணலில் பெரும்பங்கு இப்படி வந்ததுதான். இதைக் கேட்டதும் பெரியவள் நெற்றியைச் சுருக்கினாள். போன வருஷம் கல்யாணமான எங்கள் சித்தி மகன் மாலத்தீவுக்குத் தேனிலவு போனவன். வெண்மணலில் இரண்டு பேரும் மல்லாந்து கிடக்கும் போட்டோ இன்னும் அவன் வாட்ஸ்அப் முகப்பில் இருக்கிறது. "அப்ப மாமாவும் அத்தையும் படுத்திருக்கிறது…" என்று அவள் தொடங்கினாள். "ஆமா" என்றேன். கரையேறி சிக்னல் கிடைத்ததும் அவள் செய்த முதல் காரியம் மாமாவுக்குச் செய்தி அனுப்பியது.

இவர் மெதுவாக என் பக்கம் சாய்ந்தார். "கடலோட மரியாதையே போயிரும் போலிருக்கே."

மரியாதை வைத்து யாருக்கு என்ன லாபம்? எனக்கு ரொம்ப நாளாக ஓர் ஆதங்கம் உண்டு. குழந்தைகளுக்குக் கடலைப் பற்றிச் சொல்லும்போது நாம் எழவு வீட்டுக் குரலில்தான் சொல்கிறோம். கடல் சாகிறது, நீதான் காப்பாற்ற வேண்டும். எட்டு வயதுப் பையன் என்ன செய்தான், பாவம்? இரட்டைமடி வலை போட்டுத் தரையோடு தரையாகக் கடற்புல்லை வழித்தெடுத்தது அவனா? மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி, இருபத்தொரு தீவுகளில் இரண்டு தண்ணீருக்குள் போனதே, அப்போது அவன் பிறக்கவே இல்லை. 1998-லும் 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது அவன் ஏசி போட்டுத் தூங்கினானா? இத்தனையும் பெரியவர்கள் செய்துவிட்டு, ஜூஸ் கடையில் அவன் கையில் இருக்கும் உறிஞ்சுகுழலைப் பிடுங்கிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். உறிஞ்சுகுழல் வேண்டாம்தான். ஆனால் வழக்கில் முதல் எதிரி அவன் இல்லை.

சாணி விஷயத்தில் பயமுறுத்தல் கிடையாது. யார் எதைத் தின்று எதைக் கழிக்கிறார்கள், அதை யார் தின்கிறார்கள் என்பதுதான் கடல். மீதியெல்லாம் அதற்கு விளக்கவுரை. திமிங்கலத்தைப் பாருங்கள். ஆழத்தில் இரை தின்றுவிட்டு மேலே வந்து கழிக்கும். அதில் இருக்கும் இரும்பும் மற்றச் சத்தும் நுண்பாசிகளுக்கு உரம். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் பெரியவள் பிடித்துக்கொண்டாள். "நுண்பாசிதானே ஆக்சிஜன் தர்றது? அப்பா கார்ல சொன்னாங்களே, பாதி!"

சின்னவன் கணக்குப் போட்டான். "அப்ப நம்ம விடுற மூச்சு திமிங்கலம் ஆய் போனதுனாலயா?"

முழுக்க அப்படியில்லை என்று நான் திருத்துவதற்குள், இவர் முந்திக்கொண்டார். "ஆமாடா!" மானாமதுரையில் செத்துப்போன பாடம் நடுக்கடலில் உயிரோடு எழுந்த சந்தோஷம் அவர் குரலில் தெரிந்தது. மூச்சில் தனக்கு உரிய மற்றப் பாதியை இனிமேல் சின்னவன் பெருமையாகப் பேச மாட்டான்.

இவ்வளவு நேரம் இதையே பேசினால் என்ன நடக்கும் என்று யாராவது யோசித்திருக்க வேண்டும். சின்னவன் என் காதுக்குள் வந்தான். "அம்மா, அவசரம்."

"ஒண்ணுக்கா?"

தலையாட்டினான். கரை வெகு தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. படகில் ரகசியம் தங்காது. பெரியவள் காலண்டர் தாளை விரித்து உரக்கப் படித்தாள்: "கடலில் எதையும் போடக் கூடாது."

"மீனெல்லாம் போகுதே!" என்று சின்னவன் கதறினான். "கடல் அட்டை போகுது, ஆவுளியா போகுது, திமிங்கலம் போகுது. நான் மட்டும் போகக் கூடாதா?"

சட்டப்படி வலுவான வாதம். இவர் தடுமாறினார். கொள்கை ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம், மகனின் முகத்தில் வியர்வை இன்னொரு பக்கம். அத்தை மகனை முறைத்தார். "பச்சப்புள்ள ஒண்ணுக்குப் போயா கடல் கெட்டுப்போகும்? நீ சின்னதுல கள்ளழகர் எறங்குற அன்னிக்கு ஆத்துலயே…"

"அம்மா!" என்று இவர் அலறினார்.

படகோட்டி குறுக்கே வந்தார். "தம்பி, குளிக்கிறியா? இடுப்பளவுதான் தண்ணி. ஜாக்கெட் போட்டிருக்க. என் கையைப் பிடிச்சுக்க, புல்லை மிதிச்சிராத." குளிப்பதற்கு விதியில் தடை இல்லை. சின்னவன் இறங்கினான். நாங்கள் எல்லோரும் எதிர்த் திசையில் இல்லாத கொக்கை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டோம். சற்று நேரத்தில் அவன் முகத்தில் பெரும் சாந்தம் பரவியது. குளியல் முடிந்தது என்று ஏறிவிட்டான். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இவர் பேசினார். இந்தத் தடவை குரலை ஏற்றவில்லை. ஒருத்தன் போனால் கடலுக்கு ஒன்றும் ஆகாது. மீன்களும் அதைத்தான் செய்கின்றன, பவளத்துக்கு அது உரமாகவே போகிறது. ஒரு ஊரே சாக்கடையைச் சுத்தப்படுத்தாமல் திறந்துவிட்டால்தான் ஆபத்து. உரம் அளவுக்கு மிஞ்சினால் பாசி பெருகித் தண்ணீர் கலங்கும். கலங்கினால் வெயில் கீழே இறங்காது. வெயில் இல்லாமல் புல் எப்படி வளரும்? புல் இல்லாத இடத்துக்கு ஆவுளியா வராது. இவ்வளவுதான் சொன்னார், இரண்டு நிமிஷத்துக்குள். இரண்டு பேரும் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் சற்று முன்புதான் செய்முறை முடித்தவன் என்பதால் கூடுதல் கவனம்.

திரும்பும் வழியில் ஆவுளியா வலையில் மாட்டினால் என்ன செய்வீர்கள் என்று பெரியவள் படகோட்டியிடம் கேட்டாள். ஒரு காலத்தில் கறி வைத்ததை அவர் மறைக்கவில்லை. "இப்ப வலையை அறுத்து விட்டுட்டு, வனத்துறைக்குச் சொல்லிருவோம். வலைக்குக் காசு குடுத்துக் கௌரவிப்பாக. ஆனா காசுக்காக மட்டுமில்ல பாப்பா. மூச்சு முட்டும்போது அது நம்மளப் பாக்கிற பார்வை இருக்கே…" என்றவர், மேலே சொல்லாமல் இன்ஜினைக் கூட்டினார்.

கரையில் ஊர்ப் பெண்கள் சமைத்த சாப்பாடு. நண்டு வந்தது, மீன் வந்தது. நவபாஷாணத்தைச் சுற்றி வந்த அன்று கவுச்சி ஆகாது என்று அத்தை தயிர்ச்சோற்றோடு நிறுத்திக்கொண்டார். இவர் நண்டில் கை வைக்கப்போன நேரத்தில் பெரியவள் மறுபடி தாளை எடுத்தாள். "கடலிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது." இவர் பேனா வாங்கி, இரண்டாம் விதியின் தொடக்கத்தில் "தேவைக்கு மேல்" என்று எழுதிவிட்டு நண்டை உடைத்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, மீன்கள் குஞ்சு பொரிக்கும் காலம், இது நாட்டுப்படகு கொண்டு வந்தது என்றெல்லாம் வாயில் நண்டோடு விளக்கினார். "மீனுக்கு அறுபத்தொரு நாள் லீவா?" என்று சின்னவன் பொறாமைப்பட்டான். அவனுக்கு அவ்வளவு கிடையாது.

மதுரைக்கு வந்த பிறகு வீட்டில் பிளாஸ்டிக் குறைந்ததா என்று கேட்காதீர்கள். ஏற்கனவே அத்தை இருக்கும் வீடு அது. மாறியது வேறொன்று. சின்னவன் கழிப்பறையிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் ஒரு கேள்வியோடு வருகிறான். இது எங்கே போகும்? குழாயில். குழாய் எங்கே போகும்? பாதாளச் சாக்கடைக்கு. அங்கேயிருந்து? அவனியாபுரம், சக்கிமங்கலம் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு. அங்கே யார் சுத்தம் பண்ணுவார்கள், கடல் அட்டையா? ஊரில் எல்லோர் வீட்டிலிருந்தும் அங்கே போகிறதா, சில வீட்டிலிருந்து நேராக வைகைக்குப் போகிறதா? மேல் மாடி வீட்டு மாமாவிடமே இதைக் கேட்டுவிட்டான். அவர் இப்போது மாடிப்படியில் எங்களைப் பார்த்தால் அவசர வேலை இருக்கிற மாதிரி இறங்கிவிடுகிறார்.

அடுத்த லீவுக்கு எங்கே போகலாம் என்று இவர் வரைபடத்தை விரித்தார். குருசடைத் தீவு, தனுஷ்கோடி என்று விரலை ஓட்டினார். சின்னவன் விரலைப் பிடித்துக் கொண்டுவந்து மதுரைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"அவனியாபுரம்பா. சாக்கடை சுத்தம் பண்ற எடம்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் பெரியவளைப் பார்த்தார். அவள் ஏற்கனவே அனுமதிக் கடிதம் யாருக்கு எழுத வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தாள். "அங்க படகு இருக்குமா?" என்று இவர் ஈனக் குரலில் கேட்டார்.

அத்தைக்கு மட்டும் எந்த ஆட்சேபமும் இல்லை. "பொங்கலன்னிக்குப் போவோம்டா. அப்படியே ஜல்லிக்கட்டையும் பாத்துட்டு வந்துரலாம்."